வானமே சாட்சி

2023-ம் வருஷத்தில் சனி பகவான் மகர ராசியிலிருந்து கும்ப ராசிக்கு இரண்டு தடவை பெயர்ந்தார். திருக்கணிதப் பஞ்சாங்கம் வைத்திருந்த வீடுகளில் ஜனவரி 17-ந் தேதி பெயர்ந்தார். வாக்கியப் பஞ்சாங்கம் வைத்திருந்த வீடுகளிலும், அதை அனுசரிக்கும் திருநள்ளாற்றுக் கோயிலிலும் டிசம்பர் 20-ந் தேதி பெயர்ந்தார். ஆனால் வானத்தில் உள்ள சனி ஒருவர்தாம். அவர் ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். அப்படியிருக்க, இந்தப் பதினொரு மாத வித்தியாசம் எப்படி ஏற்பட்டது?

இந்த வேற்றுமை சனியோடு நிற்பதுமில்லை. ஏகாதசி இன்றைக்கா நாளைக்கா என்று மாமியாரும் மருமகளும் இரண்டு பஞ்சாங்கங்களைப் புரட்டுகிறார்கள். தகப்பனாருடைய சிராத்த திதி ஒரு கணக்கில் வியாழக்கிழமை விழுகிறது; மற்றொரு கணக்கில் வெள்ளிக்கிழமை விழுகிறது. சாஸ்திரிகள் ஒன்று சொல்கிறார். கடையில் வாங்கிய நாட்காட்டி வேறொன்று சொல்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் கடன் தவறான நாளில் போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்களை அற்பர்கள் என்று தள்ளிவிட நமக்கு மனம் இல்லை.

எந்தப் பஞ்சாங்கத்துக்கும் வக்காலத்து வாங்குவது நமது நோக்கமன்று. பஞ்சாங்கத்தில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று தெரிந்துகொண்டால், தீர்மானத்தை அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் அல்லவா?

மூன்று கடியாரங்கள்

வானத்தில் நமக்கு மூன்று கடியாரங்கள் உண்டு. முதலாவது சூரியன். ஓர் உச்சிவேளையிலிருந்து மறு உச்சிவேளை வரை உள்ள காலத்தை நம் முன்னோர் 60 நாழிகையாகப் பிரித்தார்கள். நாம் 24 மணியாகப் பிரிக்கிறோம். ஆகவே ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம்.

இரண்டாவது கடியாரம் நக்ஷத்திரங்கள். ஒரு நக்ஷத்திரம் இன்றிரவு 8 மணிக்கு உதயமானால் நாளைக்கு ஏறக்குறைய 4 நிமிஷம் முன்னதாகவே உதயமாகிவிடும். பூமி தன்னைத்தானே ஒரு தடவை முழுதும் சுற்றிக்கொள்ள 23 மணி 56 நிமிஷம் 4 வினாடிதான் ஆகிறது. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் சிறிது நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேருக்கு நேர் காண இன்னும் நான்கு நிமிஷம் உருள வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு நிமிஷம் என்பது மாதத்தில் இரண்டு மணியாகிறது. ஒரு வருஷத்தில் ஒரு முழு நாளாகிவிடுகிறது. மார்கழி மாலையில் கிழக்கே எழும் நக்ஷத்திரம் சித்திரை மாலையில் மேற்கே சாய்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது கடியாரம் சந்திரன். நக்ஷத்திரங்களிடையே அது ஒரு சுற்று வருவதற்கு 27.32 நாள் ஆகிறது. அதனால்தான் அசுவினி முதல் ரேவதி வரை 27 வீடுகள் ஏற்பட்டன. ஆனால் அதற்குள் சூரியனும் கொஞ்சம் முன்னே சென்றுவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கச் சந்திரனுக்கு 29.53 நாள் வேண்டும். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை உள்ள காலம் இது.

இந்த ஓட்டத்தை அளக்கும் முழந்தான் திதி. சூரியனைவிடச் சந்திரன் 12 பாகை முந்தினால் ஒரு திதி முடிந்தது. சுற்று முழுவதும் 360 பாகை. ஆகவே 30 திதிகள். திதி என்பது கடியாரத்தின் நாள் அன்று. இரண்டு ஒளிகளுக்கும் இடையே உள்ள தூரம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். திதி நடுராத்திரியில் முடிவதும், ஒரே நாளில் இரண்டு திதிகள் வருவதும் இதனாலேயே.

சந்திரன் ஒரே சீராக ஓடுவதில்லை

சந்திரன் ஒரே வேகத்தில் சென்றால் குழந்தைகூடப் பஞ்சாங்கம் எழுதிவிடும். அது பூமியைச் சுற்றும் பாதை நல்ல வட்டம் அன்று. சற்று நீண்ட வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது அது நாளொன்றுக்கு 15 பாகைக்கு மேல் விரைகிறது. தூரத்தில் இருக்கும்போது 12 பாகைக்கும் குறைவாக ஊர்கிறது.

இதை நம்மவர் நன்றாக அறிந்திருந்தார்கள். வேகம் கூடிக் குறைந்து மறுபடி பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 27½ நாள் ஆகிறது. இப்படி 9 தடவை நடந்தால் 248 நாள் முழுமையாக வந்துவிடுகிறது. இந்த 248 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு வாக்கியம் இயற்றினார்கள். வாக்கியத்தின் எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குறிக்கும். வாக்கியத்தைச் சொன்னால் சந்திரனின் ஸ்தானம் வந்துவிடும். இவற்றை வரருசி செய்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இப்படி வந்ததுதான். ஏடும் எழுத்தாணியும் இல்லாவிட்டாலும், சந்திர மண்டலம் முழுவதும் ஒரு மனிதனுடைய நாவில் குடியிருந்தது!

புதுச்சேரியில் சோழிகள்

இந்தக் கணக்கின் பெருமையை அந்நிய தேசத்தார் இருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். இருவருக்கும் அது கிடைத்த இடம் புதுச்சேரி.

முதல்வர் லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வான சாஸ்திரி. சூரிய பிம்பத்தின் குறுக்கே சுக்கிரன் செல்லும் காட்சியை 1761-ல் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகப் புறப்பட்டு வந்தார். வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கப்பலின் ஆட்டத்தில் அளவு எடுக்க முடியாமற் போயிற்று. அடுத்த காட்சி 1769-ல். எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். அந்த நாளில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. மனம் நொந்த அந்த மனிதர் காலத்தை வீணாக்காமல், தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30-ந் தேதிச் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குத் தமிழ்க் கணக்கு 41 வினாடிதான் குறைவாக இருந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் சிறந்ததென்று பெயர்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 வினாடி அதிகமாக இருந்தது.

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பைச் சில காலம் வகித்தவர். 1825-ல் ‘கால சங்கலித’ என்னும் பெரிய நூலை வெளியிட்டவர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் உட்கார்ந்து, சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் நேரில் கண்டார். அந்தக் கிரகணம் 1825 மே 31-ந் தேதி இரவு நிகழ்ந்தது. கணக்குக்கும் உண்மைக்கும் வித்தியாசம் ஆரம்பத்தில் 4 நிமிஷம், மத்தியில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம்.

ஒரு துண்டுக் காகிதமும் இன்றிச் சோழிகளைக் கொண்டு கிரகணத்தை அந்த அளவுக்கு முன்கூட்டிச் சொன்னது பெருமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் வாரன் இன்னொன்றையும் குறித்திருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வாக்கியங்கள் தெரிந்தன. அவற்றின் பின்னாலிருந்த சாஸ்திரம் தெரியவில்லை. கணக்கு வழிவழியாக வந்துவிட்டது; காரணம் எங்கேயோ நின்றுவிட்டது. காரணம் தெரியாதவன் கணக்கைத் திருத்துவது எப்படி?

அஷ்டமிக்குச் சாட்சி இல்லை

இனி, நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

சந்திரனுடைய வேகம் மாறுவதற்கு மேலே சொன்ன நீள்வட்டம் ஒன்றே காரணம் அன்று. சூரியனும் தன் பங்குக்குச் சந்திரனை இழுக்கிறது. இந்த இழுப்பினால் உண்டாகும் பெரிய மாறுதல் அமாவாசை, பௌர்ணமிகளில் நீள்வட்டத்தின் மாறுதலோடு கலந்து மறைந்துவிடுகிறது. அஷ்டமியை ஒட்டி முழு அளவில் வெளிப்படுகிறது. பழைய வாக்கியக் கணக்கில் இந்த இரண்டாவது மாறுதலுக்கு இடம் இல்லை. அதனால் பௌர்ணமியில் ஏறக்குறையச் சரியாக வரும் கணக்கு, அஷ்டமியில் இரண்டு பாகைக்கு மேலும் பிசகக்கூடும். திதியில் அது சில மணி நேர வித்தியாசமாகிவிடுகிறது. ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மிகாது என்று பழைய கணக்கு விதி செய்திருக்கிறது. உண்மை வானத்திலோ அது ஏறக்குறைய 50 நாழிகையாகவும் குறையும்; 67 நாழிகையாகவும் நீளும்.

முன்னோர் ஏன் இதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று சிலர் கேட்பார்கள். விடை எளிது. கிரகணம் பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான் நிகழும். கிரகணத்தை ஊரே பார்க்கும். சொன்ன நேரத்துக்கு அது பிடிக்காவிட்டால் பஞ்சாங்கக்காரர் தெருவில் நடமாட முடியாது. ஆகவே கணக்கைக் கிரகணத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். அஷ்டமியன்று அப்படி யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சாட்சி இருந்த இடத்தில் கணக்கு செப்பமாயிற்று. சாட்சி இல்லாத இடத்தில் பிசகு தங்கிவிட்டது. சனிக்கும் இதே கதைதான். சனி ராசி மாறுவதை வாசலில் நின்று பார்த்துச் சொல்லுகிறவர் எத்தனை பேர்?

எனவே, கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது மேல்நாட்டாரிடம் கடன் வாங்கிய புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். மலையாளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஏறக்குறைய 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கின் பிழையை நீக்கி, 1431-ல் ‘திருக்கணிதம்’ என்னும் நூலைச் செய்தார். ‘திருக்’ என்றால் கண், பார்வை. கண்ணுக்கு ஒத்த கணிதம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஒரிஸ்ஸாவில் 1835-ல் பிறந்த சாமந்த சந்திரசேகரர், மூங்கிலும் மரமும் கொண்டு தாமே செய்த கருவிகளால் வானத்தை அளந்து, சந்திரனின் இரண்டாவது மாறுதலை மட்டுமல்ல, வேறு இரண்டு நுண்ணிய மாறுதல்களையும் மேல்நாட்டு நூல்களின் துணையின்றியே கண்டுபிடித்தார். அவருடைய ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899-ல் அச்சாயிற்று. பூரி ஜகந்நாதர் கோயிலின் கால நிர்ணயத்துக்கு அவருடைய கணக்கையே ஏற்றுக்கொண்டார்கள்.

நமது சென்னையிலும் ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அவர். 1867-ல், ஒளி கூடிக் குறையும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ந் தேதி சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அது இன்னதென்று பொதுஜனங்கள் அறிந்துகொள்வதற்காக இந்திய பாஷைகளிலும் ஆங்கிலத்திலும் சிறு நூல் வெளியிட்டார். தூரதரிசினியின் அருகே வேலை பார்த்த அவர், அதில் கண்ட உண்மையைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணித்தார். ஊரார் எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனபோதிலும், தமிழ்நாட்டில் இன்று அச்சாகும் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் அவர் காட்டிய வழியில்தான் நடக்கின்றன.

பொங்கலும் உத்தராயணமும்

வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வழக்கு இது. இரண்டுக்கும் பொதுவான வழக்கு வேறொன்று உண்டு.

தை மாதம் பிறந்தவுடன் உத்தராயணம் பிறந்துவிட்டது என்கிறோம். உத்தராயணம் என்றால் சூரியன் தென்கோடியிலிருந்து வடக்கே திரும்புவது. அது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22-ந் தேதி நடந்துவிடுகிறது. பொங்கலன்று சூரியன் உதிக்கும் இடம், தென்கோடியிலிருந்து சூரிய பிம்பத்தைப்போல் நான்கு பங்கு தூரம் வடக்கே வந்துவிட்டிருக்கும்.

பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரத்தின் தலையைப்போல், மிக மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25,800 வருஷம். அதனால் பருவங்களின் வருஷம் 365.2422 நாளாகவும், நக்ஷத்திரங்களை ஒட்டிய வருஷம் 365.2564 நாளாகவும் இருக்கின்றன. வித்தியாசம் 20 நிமிஷந்தான். ஆனால் சுமார் 71 வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடும். நமது மாதங்கள் நக்ஷத்திரங்களை ஒட்டியவை. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் மகர சங்கராந்தியும் உத்தராயணமும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன; இன்று 23 நாள் விலகியிருக்கின்றன. இப்படியே விட்டால் சுமார் 13,000 வருஷத்தில் சித்திரை மாதம் ஐப்பசி மழையில் வந்து நிற்கும். அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் கணக்கு கணக்குத்தான்.

இந்தியா சுதந்திரம் அடைந்தபின் 1952-ல், விஞ்ஞானி மேகநாத் சாஹாவின் தலைமையில் ஒரு பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு நியமிக்கப்பட்டது. தேசமெங்கும் சுமார் 30 விதமான பஞ்சாங்கங்கள் வழங்குவதைக் குழு கண்டது. 1955-ல் அறிக்கை வெளியாயிற்று. பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு மறுநாள் வருஷம் பிறக்கும்படி அமைந்த தேசியப் பஞ்சாங்கம் 1957 மார்ச் 22-ந் தேதி, சக வருஷம் 1879 சைத்திர மாதம் முதல் தேதியாக அமலுக்கு வந்தது. அரசாங்க அரசிதழில் அந்தத் தேதி இடம்பெற்றது. வீட்டுச் சுவர்களில் இடம்பெறவில்லை. சித்திரை முதல் தேதியோடு மாவிலைத் தோரணமும் வேப்பம்பூப் பச்சடியும் சேர்ந்திருக்கின்றன. அரசிதழ் பச்சடி செய்யாது அல்லவா?

நக்ஷத்திரங்களை ஒட்டிய வருஷம் தவறு என்று நாம் சொல்லவில்லை. அது வேறோர் அளவுகோல், அவ்வளவே. பொங்கலை மகர சங்கராந்தி என்று கொண்டாடுவதில் பிழையில்லை. அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் பிழை இருக்கிறது.

சுவர்க் கடியாரத்தின் கதை

பஞ்சாங்கத்தைக் குறை கூறுவோர் கைக்கடியாரத்தை வேதவாக்காகக் கொள்வதைப் பார்க்கிறோம். அதுவும் ஓர் ஏற்பாடுதான். 1906 வரை தென்னிந்திய ரயில்கள் சென்னை நேரத்தை அனுசரித்தன. அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து, கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்திய இந்தியப் பொது நேரம் வந்தது. அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு உரிய நேரம். சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் நம் சூரியன் சராசரி 9 நிமிஷம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. பூமியின் வேகமும் சாய்வும் சேர்ந்து இதை மேலும் மாற்றுகின்றன. பிப்ரவரி மத்தியில் சென்னையில் உச்சிவேளை 12 மணி 23 நிமிஷம்; நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 52 நிமிஷம்.

திங்கட்கிழமை ராகு காலம் 7½ முதல் 9 வரை என்று நாட்காட்டியில் அச்சிடுகிறார்கள். பகற்பொழுதை எட்டாகப் பங்கிட்டால் வரும் இரண்டாவது பங்கு அது. சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறையும் என்ற அனுமானத்தின்மேல் போட்ட கணக்கு. சென்னையில் பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் 6 மணி 36 நிமிஷத்துக்குத்தான் உதிக்கிறது. அப்போது அந்த இரண்டாவது பங்கு 8 மணியை ஒட்டித் தொடங்கி 9½ மணி வரை செல்லும். ராகு காலத்தை நம்புகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நம்பாதவர்களும், அது கடியாரத்தில் பிறந்ததல்ல, சூரியனிடத்தில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டு மாடியே போதும்

வானத்தைச் சாட்சிக்கு அழைக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டி, நண்பகலை ஒட்டிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் கோலமாவினால் குறித்துக்கொண்டு வந்தால், மிகக் குட்டையான நிழல் விழும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான உச்சிவேளை. சென்னையில் ஏப்ரல் 24-ந் தேதியை ஒட்டியும் ஆகஸ்டு 18-ந் தேதியை ஒட்டியும் அந்த நிழல் அடியோடு மறைந்துவிடும். டிசம்பர் தொடங்கிப் பொங்கல் வரையில், காலைச் சூரியன் எந்தத் தென்னைக்கு நேரே உதிக்கிறது என்று குழந்தைகளைக் குறிக்கச் சொன்னால், உத்தராயணம் எப்போது பிறந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வளர்பிறை அஷ்டமியன்று மாலையில் சந்திரனைப் பாருங்கள். சூரியனிலிருந்து 90 பாகை விலகும்போது அதன் ஒளிக்கும் இருளுக்கும் இடையே உள்ள கோடு நேராக இருக்கும். அதுவே அஷ்டமி திதியின் நடுப்பொழுது. வெறுங்கண்ணால் நாழிகைக் கணக்கைத் தீர்க்க முடியாதுதான். ஆயினும் முந்திய மாலை கோடு எந்தப் பக்கம் வளைந்திருந்தது, மறுநாள் மாலை எந்தப் பக்கம் வளைந்தது என்று பார்த்துவிட்டு, பிறகு இரண்டு பஞ்சாங்கங்களையும் பிரித்துப் பாருங்கள். எதை அனுசரிப்பது என்பதை உங்கள் குடும்ப வழக்கமும் மனச்சாட்சியும் தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் சாட்சியை ஒரு முறை விசாரித்துவிடுவது நியாயம்.